படகு வந்தால்தான் தீவு

ஸ்காட்லாந்தைச் சுற்றியுள்ள கடலில் ஒரு தீவு ஆளற்றுப் போனது. இன்னொரு தீவு ஐம்பது பேரோடு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டின் கதையையும் தீர்மானித்தது படகுதான்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள ஹாரிஸ் தீவின் தென்முனையில் லெவர்பரோ என்று ஒரு சின்னத் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து செயின்ட் கில்டாவுக்குப் படகில் இடம் கேட்பவர்களைப் படகுக்காரர்கள் திருப்பிக் கேட்பது, "மறுநாளும் இங்கேயே தங்க முடியுமா?" என்பதுதான். பதிவு செய்த நாளில் கடல் சரியில்லை என்றால் அடுத்த நாள் பார்க்கலாம். அன்றும் சரிப்படவில்லை என்றால் பயணம் ரத்து. கோபித்துக்கொண்டு பயனில்லை. முந்தின நாள் மாலையில் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு மாலுமி சொல்வதுதான் தீர்ப்பு.

பிரிட்டனில் கடல் வானிலை அறிக்கைக்குத் தனி மரியாதை உண்டு. 1859-ல் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் சிக்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், டார்வினைச் சுமந்து சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1861-ல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கினார். அதன் வாரிசாக இன்றும் பி.பி.சி. வானொலி கடல் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, காற்றின் திசையையும் வேகத்தையும் வாசிக்கிறது. ஹெப்ரிடீஸ், ஃபேர் ஐல், ஃபேரோஸ் என்று அந்த வரிசையில் வரும் பெயர்களுக்குள்தான் நாம் பார்க்கப் போகும் தீவுகள் இருக்கின்றன.

மூன்று மணி நேரக் குலுக்கல்

செயின்ட் கில்டா ஒற்றைத் தீவு இல்லை; ஒரு தீவுக் கூட்டம். வடக்கு யூயிஸ்ட் தீவிலிருந்து மேற்கே சுமார் 64 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக்கின் நடுவே கிடக்கிறது. வெகு காலத்துக்கு முன் வெடித்து அடங்கிய எரிமலையின் மிச்சம் அது. மனிதர்கள் குடியிருந்த பெரிய தீவு ஹிர்ட்டா. அதன் கொனகர் சிகரம் 430 மீட்டர் உயரம். சிகரத்தின் ஒரு பக்கம் நேராகக் கடலில் இறங்குகிறது. பிரிட்டனிலேயே மிக உயரமான கடற்பாறைச் சுவர் இதுதான்.

லெவர்பரோவிலிருந்து வேகப்படகில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். முதல் அரை மணி நேரம் தீவுகளின் மறைவில் ஓடுவதால் பயணிகள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். திறந்த கடல் வந்ததும் பேச்சு நின்றுவிடும். அட்லாண்டிக்கின் நீண்ட அலை படகைத் தூக்கும், ஒரு கணம் நிறுத்தும், பிறகு கீழே இறக்கும். காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை இங்கே வந்து சேரும். அனுபவப்பட்டவர்கள் படகின் பின்பகுதியில் நின்று, அடிவானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போய்ச் சேர்ந்தாலும் வேலை முடிந்துவிடாது. ஹிர்ட்டாவின் வில்லேஜ் பே என்ற வளைகுடாவில் சுற்றுலாப் படகு நேராகக் கரையை அணைவதில்லை. நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, சின்ன ரப்பர் படகில் சிலர் சிலராகக் கரைக்குக் கொண்டுபோவார்கள். கல் படித்துறையில் பாசி வழுக்கும். ரப்பர் படகு அலையில் மேலே எழும் நொடியில் படகுக்காரர் உங்கள் முழங்கையைப் பிடித்து, "இப்போது" என்பார். அந்த நொடியில் காலை வைத்துவிட வேண்டும். தயங்கினால் அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வளைகுடா தென்கிழக்கைப் பார்த்துத் திறந்திருப்பதால், அந்தப் பக்கக் காற்று வீசினால் இறங்கவே முடியாது. மூன்று மணி நேரம் வந்துவிட்டுத் தீவைப் படகிலிருந்தே பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு.

பறவை உண்டவர்களின் ஊர்

கரையேறினால், பிறை வடிவில் ஒரு தெரு. கூரை போன வீடுகளும், பழுது பார்த்து நிறுத்திய சில வீடுகளும் வரிசையாக நிற்கின்றன. மலைச்சரிவெங்கும் சின்னச் சின்னக் கல் குடில்கள். 'கிளெய்ட்' எனப்படும் இவை 1,200-க்கும் மேல் இருக்கின்றன. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கி, மேலே பலகைக் கல் பரப்பி, அதன்மேல் புல்தரை போர்த்தியிருக்கிறார்கள். மழை உள்ளே இறங்காது. ஆனால் கல் இடுக்குகளின் வழியே காற்று ஓயாமல் புகுந்து வெளியேறும். ஈரம் குறையாத அந்த ஊரில் இறைச்சியையும் முட்டையையும் புல்லையும் காயவைக்க இதைவிட எளிய வழி கிடையாது.

காயவைத்த இறைச்சி, பறவை இறைச்சி. சுற்றிலும் கடல் இருந்தும் செயின்ட் கில்டா மக்கள் மீனை நம்பி வாழவில்லை. படகை எடுத்து மீன் பிடிக்கக் கூடிய நாட்கள் அவ்வளவு குறைவு. கயிறு கட்டிப் பாறைச் சுவரில் இறங்கி, ஃபுல்மார், கானெட், பஃபின் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் எடுத்து வந்தார்கள். இறைச்சி உணவானது, எண்ணெய் விளக்கெரித்தது, இறகு வாடகை ஆனது. நிலத்தின் உரிமையாளரான டன்வேகன் மக்லியோட் குடும்பத்தின் காரியக்காரர் ஆண்டுக்கொரு முறை படகில் வந்து இறகையும் எண்ணெயையும் கம்பளித் துணியையும் வசூலித்துப் போவார். ஒரு குடும்பத்தின் பெரிய சொத்து நல்ல கயிறுதான்.

காலையில் ஆண்கள் தெருவில் கூடி, அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவெடுப்பார்கள். வந்து பார்த்த வெளியூர்க்காரர்கள் அந்தக் கூட்டத்துக்கு 'செயின்ட் கில்டா பார்லிமென்ட்' என்று பெயர் வைத்தார்கள். எடுத்த பறவைகளை வீட்டுக்கு இத்தனை என்று பங்கிட்டுக்கொண்டார்கள். ஏற முடியாத முதியவருக்கும் விதவைக்கும் பங்கு உண்டு.

வேடிக்கை பார்க்க வந்த கப்பல்

இந்த ஊருக்கு வாழ்வும் சாவும் படகில்தான் வந்தன. 1697-ல் இங்கே வந்த மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர், அப்போது சுமார் 180 பேர் இருந்ததாகக் குறித்திருக்கிறார். வெளியாட்கள் வந்து போனால் ஊரே சளி, இருமலில் படுத்துவிடும் என்பதையும் அவர் பதிவு செய்தார்.

அடுத்த தலைமுறையில் வந்தது பெரியம்மை. ஹாரிஸில் இறந்துபோன ஒரு தீவுக்காரரின் துணிமணிகள் 1727-ல் ஊருக்குத் திரும்பின. நோயும் கூடவே வந்தது. அதற்குச் சற்று முன்புதான் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் ஸ்டாக் அன் ஆர்மின் என்ற 196 மீட்டர் உயரப் பாறைத் தூணுக்குப் பறவை பிடிக்கப் போயிருந்தார்கள். சில நாட்களில் அழைத்து வர வேண்டிய படகு வரவில்லை. படகு ஓட்ட ஊரில் ஆள் இல்லை. குளிர்காலம் முழுவதையும் அந்தப் பாறையில் பறவையையும் மீனையும் தின்று கழித்த பதினொரு பேரையும் அடுத்த மே மாதம்தான் காரியக்காரரின் படகு மீட்டது. அவர்கள் திரும்பியபோது ஊரில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள். மற்றத் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து ஊரை மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவரத் தொடங்கின. 1870-களின் இறுதியிலிருந்து கோடைதோறும் கப்பல் வருவது வழக்கமாகிவிட்டது. பயணிகள் இறங்குவார்கள், கம்பளித் துணியும் காலுறையும் முட்டையும் வாங்குவார்கள், மக்களைப் படம் பிடிப்பார்கள், காசு கொடுப்பார்கள், மாலையில் போய்விடுவார்கள். காசு வந்தது, காசால் வாங்கும் பழக்கமும் வந்தது. ஆனால் செப்டம்பரோடு கப்பல் நின்றுவிடும். குளிர்காலத்தில் பசியெடுத்தாலும் பிரசவ வலி எடுத்தாலும் கேட்க ஆளில்லை. அந்த நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி, பிறந்த சில நாட்களிலேயே டெட்டனஸ் கண்டு இறந்தன. கிருமி ஒழிப்பு முறை 1890-களில் தீவுக்கு வந்த பிறகுதான் அந்தச் சாவு நின்றது.

உதவி கேட்க அவர்களிடம் இருந்த ஒரே தபால் கடல். 1877 ஜனவரியில் ஓர் ஆஸ்திரியக் கப்பல் அங்கே உடைந்து, அதன் மாலுமிகளுக்கும் சேர்த்துச் சோறு போட வேண்டிய நிலை வந்தது. அப்போது தீவில் மாட்டிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் ஜான் சாண்ட்ஸ், ஒரு மிதவையில் கடிதத்தைக் கட்டிக் கடலில் விட்டார். ஒன்பது நாளில் அது ஆர்க்னி தீவுக் கூட்டத்தில் ஒதுங்கியது. அந்தப் பிப்ரவரியிலேயே கடற்படைக் கப்பல் வந்து மாலுமிகளை மீட்டது. தீவுக்காரர்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். மரக்கட்டையைப் படகு போலச் செதுக்கி, நடுவே குடைந்து, கடிதத்தையும் தபால் தலைக்கு ஒரு பென்னியையும் வைத்து மூடி, ஆட்டின் சவ்வுப்பையை ஊதி மிதவையாகக் கட்டி, வடமேற்குக் காற்றடிக்கும்போது கடலில் விடுவார்கள். கண்டெடுப்பவர் தபாலில் சேர்க்க வேண்டும். சில நார்வேக்குப் போய் ஒதுங்கியதும் உண்டு.

முதல் உலகப் போரில் கடற்படை இங்கே வானொலித் தந்தி நிலையம் அமைத்தது. வேலையும் வந்தது, தபாலும் ஒழுங்காக வந்தது. 1918 மே 15 அன்று ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அந்த நிலையத்தைக் குண்டு வீசித் தகர்த்தது. இறந்தது ஓர் ஆட்டுக்குட்டி மட்டும். தீவைக் காலி செய்ததில் குண்டுக்குப் பங்கில்லை. போர் முடிந்து கடற்படை கிளம்பியதும், ஒழுங்காகப் படகு வரும் வாழ்க்கையைப் பார்த்துவிட்ட இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மிஞ்சியவர்களால் படகு தள்ளவும் கயிறு பிடிக்கவும் முடியவில்லை. 1930 மே மாதம் அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள்: எங்களை இங்கிருந்து அழைத்துப் போங்கள்.

ஆடுமாடுகள் முன்னதாகவே ஏற்றப்பட்டன. நாய்களைக் கொண்டுபோக வழியில்லாமல் கடலில் மூழ்கடித்தார்கள். ஆகஸ்ட் 29 காலை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளையும் சிறிது ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். 'ஹேர்பெல்' என்ற கடற்படைக் கப்பலில் 36 பேர் ஏறினார்கள். மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களில் பலருக்கு அரசு கொடுத்த வேலை வனத்துறையில் மரம் நடுவது! அன்று எட்டு வயதுச் சிறுமியாகக் கப்பலேறியவர்தான் தீவில் பிறந்தவர்களில் கடைசியாக எஞ்சியவர். அவர் 2016-ல் 93 வயதில் காலமானார்.

தப்பித்த தீவு

இதே விதி ஃபேர் ஐலுக்கும் வந்திருக்க வேண்டும். ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக் கூட்டங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் இந்தத் தீவு ஐந்து கிலோமீட்டர் நீளம்கூடத் தேறாது. பல வண்ணப் பின்னல் ஸ்வெட்டருக்கு உலகம் முழுக்கப் பெயர் கொடுத்த தீவு இது. 1588-ல் ஆர்மடா எனப்பட்ட ஸ்பானியக் கடற்படையின் 'எல் கிரான் கிரிஃபோன்' கப்பல் இங்கே மோதி உடைந்து, ஏறக்குறைய 300 பேர் சில வாரங்கள் தீவுக்காரர்களின் உணவைப் பகிர்ந்துகொண்டார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆட்கள் குறைந்து, ஃபேர் ஐலையும் காலி செய்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. காப்பாற்றியவர்களில் ஒருவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோது, இந்தத் தீவில் ஒரு பறவை ஆய்வு நிலையம் தொடங்க வேண்டும் என்று திட்டம் போட்டவர் அவர். விடுதலையாகி வந்த கப்பலிலிருந்து அவர் கண்ணில் முதலில் பட்ட ஸ்காட்லாந்து மண் ஃபேர் ஐலாகவே இருந்தது. தீவையே விலைக்கு வாங்கி, 1948-ல் நிலையத்தைத் தொடங்கினார். 1954-ல் தீவு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கைக்கு மாறியது. மூன்று ஆண்டு கழித்து, ஆளில்லாத செயின்ட் கில்டாவும் அதே அறக்கட்டளையிடம் வந்து சேர்ந்தது.

ஒன்றில் குடிமக்கள் இருக்கிறார்கள், ஒன்றில் இல்லை. ஏன்? ஃபேர் ஐலின் 'குட் ஷெப்பர்ட்' படகைப் பார்த்தால் விடை கிடைக்கும். பன்னிரண்டு பயணிகளை மட்டுமே ஏற்றும் படகு அது. ஷெட்லாந்தின் தென்முனைக்கு வர இரண்டரை மணி நேரம் ஆகும். வழியில் சம்பரோ ரூஸ்ட் என்ற இடத்தில் அட்லாண்டிக்கின் ஓட்டமும் வடகடலின் ஓட்டமும் மோதிக்கொள்வதால், அமைதியான நாளிலும் படகு ஆடித் தீர்க்கும். இதில் போய் வாந்தி எடுக்காதவர் குறைவு. அழகில் இது சுற்றுலாப் படகின் பக்கத்தில் நிற்காது. ஆனால் குளிர்காலத்திலும் ஓடுகிறது. மளிகை, தபால், தீவனம், ஆடு எல்லாம் இதில்தான் வருகின்றன. புயல் வந்தால் சாய்தளத்தில் இழுத்துக் கரையேற்றி வைக்கிறார்கள். ஓட்டுபவர்களும் தீவுக்காரர்களே.

படகு இருந்ததால் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன: பள்ளி, செவிலியர், சின்ன விமான ஓடுதளம். 2018-ல் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் மின்கலங்களும் சேர்ந்து 24 மணி நேர மின்சாரம் கொடுத்தன. அதுவரை காற்றில்லாத இரவுகளில் விளக்கு அணைந்துவிடும். 2019-ல் பறவை ஆய்வு நிலையம் தீயில் எரிந்துபோனது, மறுபடி கட்டினார்கள். புதிய படகுக்கும் துறைமுக வேலைக்குமாக 2023-ல் பிரிட்டிஷ் அரசு ஏறக்குறைய 2.7 கோடி பவுண்டு ஒதுக்கியது. ஐம்பது பேருக்கு இவ்வளவா என்று கேட்டவர்களும் உண்டு. செயின்ட் கில்டாவுக்கு இதில் ஒரு துளி அன்று கிடைத்திருந்தால், இன்றைக்கு அங்கே வீடுகளில் கூரை இருந்திருக்கும்.

ஷெட்லாந்துக்கு மேற்கே 32 கிலோமீட்டரில் உள்ள ஃபூலா இன்னும் சின்ன ஊர். அங்கே நல்ல துறைமுகம் கிடையாது. ஆகவே வந்த படகை அப்படியே பளுதூக்கியால் தண்ணீரிலிருந்து மேலே தூக்கித் தொங்கவிடுகிறார்கள். பிரிட்டன் 1752-ல் நாள்காட்டியை மாற்றிக்கொண்டது; ஃபூலா தன் பண்டிகைகளைப் பழைய கணக்கிலேயே வைத்திருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 6, புத்தாண்டு ஜனவரி 13. இயக்குநர் மைக்கேல் பவல், செயின்ட் கில்டா வெளியேற்றத்தை வைத்து எடுத்த 'தி எட்ஜ் ஆஃப் த வேர்ல்ட்' (1937) படத்துக்கு, செயின்ட் கில்டாவில் அனுமதி கிடைக்காமல் ஃபூலாவுக்குத்தான் வந்தார். இலையுதிர்காலப் புயலில் படக்குழுவே தீவில் மாட்டிக்கொண்டது.

நள்ளிரவில் திறக்கும் கோட்டை

இருட்டைத் தேடிப் போக வேண்டிய தீவும் ஒன்று உண்டு. ஷெட்லாந்தின் கிழக்குக் கரையையொட்டி உள்ள மூசாவில், இரும்புக் காலத்தில் கட்டிய வட்டக் கல் கோபுரம் 13 மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கிறது. சாந்தில்லாத இரட்டைச் சுவர், நடுவே படிக்கட்டு. சுவரின் இடுக்குகளிலும் கடற்கரைக் கற்களுக்கு அடியிலும் ஸ்டார்ம் பெட்ரல் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு வைக்கின்றன. ஒன்று சிட்டுக்குருவி எடைதான் இருக்கும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு குளிர்காலத்துக்குத் தென்னாப்பிரிக்கக் கடல்வரை போய்த் திரும்புகிறது!

கடற்காகங்களுக்குப் பயந்து இவை பகலில் கரைக்கு வருவதில்லை. ஷெட்லாந்தில் ஜூன் மாதத்தில் முழு இருட்டு என்பதே இல்லை. நள்ளிரவை ஒட்டி வெளிச்சம் மங்கும் கொஞ்ச நேரத்தில்தான் பெட்ரல்கள் கரைக்கு வரும். மே இறுதியிலிருந்து ஜூலை நடுவரை இதற்கென்றே இரவுப் படகு விடுகிறார்கள். கோபுரத்தின் அருகே போய் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தால், முதலில் சத்தம் வரும்: சுவருக்குள்ளிருந்து ஒரு நீளமான கரகரப்பு, முடிவில் ஒரு விக்கல். பிறகு முகத்துக்கு ஓர் அடி தள்ளிச் சிறகுகள் போவது தெரியும். பறவை வெளிச்சத்தில் மிரளும் என்பதால், கேமராவில் ஃபிளாஷ் போடக் கூடாது.

போகிறவர்களுக்கு

இந்தத் தீவுகளுக்குப் போகும் ஆசை வந்தால், மே முதல் ஆகஸ்ட் வரைதான் காலம். பஃபின் பார்க்க ஜூலைக்குள் போய்விட வேண்டும். ஆகஸ்டில் அவை கடலுக்குக் கிளம்பிவிடும். ஒரு தீவுக்குக் குறைந்தது இரண்டு நாள் உபரி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் விமானத்தை மறுநாளே பதிவு செய்யாதீர்கள். கோடையிலும் கடல் நீர் 13 டிகிரி அளவில்தான் இருக்கும். விழுந்தால் சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும் என்பதால், மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். வாந்திக்கான மாத்திரையைப் படகேறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனமில்லை.

ஏறும் முன் பையைத் திறந்து பாருங்கள் என்பார்கள். எலி இருக்கிறதா என்று பார்க்கத்தான். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் தரையில் கூடு வைக்கும் கடற்பறவைகளுக்கு எலியைப் போல எமன் வேறில்லை. ஹெப்ரிடீஸின் ஷியண்ட் தீவுகளில் எலியை ஒழிக்கப் பெரும் பாடுபட்டு, 2018-ல்தான் 'எலி இல்லை' என்று அறிவிக்க முடிந்தது. 2022 கோடையில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, பறவைகளைக் காக்கப் பல ஸ்காட்டிஷ் தீவுகளில் பயணிகள் இறங்கவே தடை போட்டார்கள். அப்படித் தடை போட்டால் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். செயின்ட் கில்டாவுக்கு இயற்கைக்காக 1986-லும் பண்பாட்டுக்காக 2005-லும் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி கொடுத்தது. இரண்டுக்குமாகத் தகுதி பெற்ற ஒரே இடம் பிரிட்டனில் அதுதான்.

ஒரு வேண்டுகோள். செயின்ட் கில்டாவை ஒரு பகல் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் கையில் மிச்சமிருக்கும் நாட்களை, ஆள் இருக்கும் தீவில் செலவிடுங்கள். ஃபேர் ஐலிலோ ஃபூலாவிலோ இரவு தங்குங்கள், கடையில் ஏதாவது வாங்குங்கள், பின்னுபவரிடமே ஸ்வெட்டர் வாங்குங்கள், ஊர்ப் படகிலேயே போய் வாருங்கள். கோடையில் வேடிக்கை பார்க்க வரும் கப்பலால் எந்தத் தீவும் பிழைத்ததில்லை. ஜனவரியிலும் வரும் படகால்தான் பிழைக்கிறது.